நனைந்த சீட்டின் பாக்கி

வேன்காரருக்கு அவள் தரவேண்டியது, போக ஒரு நடை, வர ஒரு நடை, ஆக இரண்டு நடை வாடகை. இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. வாங்கியதை இல்லையென்று சாதிக்கிற பிறவி இல்லை அவள். ஆனால் கொடுக்கவும் இல்லை. வருஷக்கணக்காக அந்த வேனின் ஹார்ன் சத்தம் தெருமுனையில் கேட்டால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டுச் சந்துக்குள் நுழைந்துவிடுவாள்.

அந்த இரண்டு நடை எதற்கென்று முதலில் சொல்லிவிட வேண்டும். படித்தவர்கள் இதை நாலு பக்கத்துக்குச் சுற்றி வளைப்பார்கள். விஷயம் இவ்வளவுதான். முதல் பிரசவம். வலி கண்டு ஒரு பகல் போயிற்று, ஒரு ராத்திரி போயிற்று, அடுத்த பகலும் சாய்ந்துவிட்டது. பிள்ளை இறங்கவில்லை. மாமியார் "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, பொறு பொறு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். புருஷன் வாசலில் நின்று வேன்காரரிடம் வாடகை பேசினான். காய்கறிச் சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிறவன்கூட அவ்வளவு நிதானமாகப் பேசமாட்டான். கடைசியில் பொறுமை போனது வேன்காரருக்குத்தான்.

"யோவ், பணத்தை அப்புறம் பேசிக்கலாம். முதல்ல பொண்ணைத் தூக்கிட்டு வாங்கய்யா!"

அது ஆஸ்பத்திரிக்குப் போன நடை. பிள்ளை உயிரில்லாமல்தான் வெளியே வந்தது.

ஒரு வாரம் கழித்து அங்கிருந்து வந்த நடை அதைவிட மோசம். பிள்ளையின் தலை அத்தனை நேரம் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நெருக்கியதில், எலும்புக்கும் தலைக்கும் நடுவே சிறுநீர்ப்பை நசுங்கிவிட்டது. நசுங்கிய சதை சில நாளில் செத்து உதிர்ந்து, அங்கே ஓட்டை விழுந்துவிட்டது. இதெல்லாம் அவளுக்கு அன்றைக்குத் தெரியாது. வேன் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போதே கீழே சூடாக நனைகிறது, அடக்கப் பார்த்தால் அடங்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. வீட்டு வாசலில் இறங்கியதும் வேன்காரர் சீட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக் கத்தினார்.

"புது சீட்டுய்யா! இதை எவன் கழுவுறது?"

நாலு வீட்டுக் கதவு திறந்தது.

வாடகை கேட்டபோது புருஷன் வீட்டில், "பிள்ளையே தங்கல, வாடகை ஒரு கேடா?" என்றார்கள். அவளுடைய அண்ணன் மட்டும் "நான் தர்றேன்" என்றான். சொன்னதோடு சரி. கொஞ்ச நாளில் புருஷன் அவளை அதே அண்ணன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "சரியானதும் கூட்டிக்கிறேன்" என்று போனான். போனவன் வேறு கல்யாணம் செய்துகொண்டான் என்ற சேதிதான் திரும்பி வந்தது.

அண்ணன் வீட்டில் பின்பக்கம் ஒரு அறை. முன்பு அடுப்புக்கரி போட்டு வைத்திருந்த இடம். தனி வாசல், தனிப் பாய், தனித் தட்டு. அண்ணி கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. சோறு போட்டாள். ஆனால் போடும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டாள். வீட்டுக்கு ஆள் வந்தால், "அந்தப் பக்கம் சாக்கடை அடைச்சிருக்கு, அதான் வாடை" என்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் இவள் அதைக் கேட்டுக்கொண்டு இருப்பாள்.

இப்படிப்பட்டவள் ஒரு வேலை தேடிக்கொண்டாள் பாருங்கள், அங்கேதான் அவள் கெட்டிக்காரத்தனம். கழிவுத் துணிக் கிடங்கு. தையல் ஆலைகளில் விழுகிற வெட்டுத் துண்டு, கிழிந்த பனியன், சாயம் போன போர்வை எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். பெண்கள் குவியல்மேல் உட்கார்ந்து பருத்தி வேறு, நைலான் வேறு என்று பிரிப்பார்கள். பருத்தி இயந்திரக் கடைகளுக்கு எண்ணெய் துடைக்கப் போகும். நைலான் எதையும் உறிஞ்சாது, மெத்தைக்குள் அடைக்கத்தான் லாயக்கு. அந்தக் கிடங்கில் எண்ணெய், சாயம், பழைய வியர்வை என்று ஏற்கெனவே இருக்கிற நாற்றத்தில் இன்னொரு நாற்றத்தை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? கீழேயும் துணி, மேலேயும் துணி, நனைந்தால் மாற்றிக்கொள்ளக் கைக்கெட்டும் தூரத்தில் மெத்தென்ற பனியன் துணி. ஊரில் அவள் உட்காரக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

கிடங்கில் அவளுக்கு உரைகல் என்று பெயர். துணியை இரண்டு விரலால் உரசிப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டே பருத்தியா கலப்படமா என்று சொல்லிவிடுவாள். அதனால் வந்த பெயர் என்று அவள் நினைத்தாள். கூட வேலை பார்த்தவர்கள் வைத்தது வேறு காரணத்துக்கு. அவள் மனுஷர்களையும் அப்படித்தான் உரசிப் பார்ப்பாள். ஒருத்தி ஒரு வாழைப்பழம் கொடுத்தால், "எதுக்கு?" என்பாள்.

"எதுக்குன்னா? தின்னத்தான்."

"நேத்து குடுக்கல, இன்னிக்கு ஏன் குடுக்கிற?"

"ஐயோ தாயே, நேத்து என்கிட்ட பழம் இல்ல!"

அவளைக் குறை சொல்லி என்ன? அவளுக்கு நல்லது சொன்னவர்கள் எல்லோரும் ஏதோ ஒன்று விற்றார்கள். ஒருத்தன் வேர் விற்றான், ஒருத்தி எண்ணெய் விற்றாள். இடுப்பில் கட்டச் சொல்லிக் கயிறு விற்றவன் அடுத்த வாரமே ஊரை விட்டுப் போனான். அதிலிருந்து ஒரே ஒரு வைத்தியத்தைத்தான் அவள் நம்பினாள். அது அவளே கண்டுபிடித்தது: தண்ணீர் குடிக்காமல் இருப்பது. காலையில் ஒரு வாய், சாப்பிடும்போது ஒரு வாய். குடித்தால் ஒழுகும், குடிக்காவிட்டால் ஒழுகுவது குறையும். உதடு வெடித்தது, தலை சுற்றியது, நாற்றம் உறைத்தது, தொடைப் புண் எரிந்தது. இருந்தாலும் குறைந்தது அல்லவா?

அவளுக்கு இருந்த ஆசை பெரியதும் இல்லை. புருஷன் திரும்பி வரவேண்டும் என்றுகூட இல்லை. பஸ்ஸில் மற்றவர்களோடு ஒரு சீட்டில் உட்கார்ந்து, இறங்கும்போது திரும்பிப் பார்க்காமல் இறங்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒருநாள் வேன்காரர் கிடங்குக்கே வந்துவிட்டார். இன்ஜின் துடைக்கத் துணி வாங்க வந்தவர், குவியல்மேல் இருந்த அவளைப் பார்த்துவிட்டார். சந்துக்குள் நுழைய வழியில்லை. மூட்டைகள் வாசலை அடைத்திருந்தன.

"என்னம்மா தங்கச்சி, என்னைக் கண்டா ஓடுற?"

"உங்க பாக்கியை அண்ணன் தரலைன்னு தெரியும்ண்ணே. நான் தர்றேன். கொஞ்சம் சேரட்டும்."

"பாக்கியைக் கேக்க வரல." பக்கத்தில் யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கு உனக்கு வந்தது இன்னும் இருக்கா?"

அவள் கையிலிருந்த துணியை உரசிக்கொண்டே இருந்தாள். 

"இருக்கும். இருக்கும்னுதான் நினைச்சேன். இதுக்குன்னே ஒரு ஆஸ்பத்திரி இருக்கும்மா. நாலு மணி நேர ஓட்டம். செங்கல் சூளைல வேலை செய்ற ஒருத்தியைப் போன மழைக்கு முன்னாடி நான்தான் கொண்டுபோய் விட்டேன். போகும்போது சீட்டெல்லாம்..." என்று கையை விரித்தார். "திரும்பிக் கூட்டிட்டு வந்தேன் பாரு. சொட்டு இல்ல. தடவிப் பார்த்தேன், காய்ஞ்ச கட்டை மாதிரி இருந்துச்சு."

"எவ்வளவு ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. இலவசம்."

அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் ஒருவேளை அன்றைக்கே சரி என்றிருப்பாள். இலவசம் என்றதும் அவள் முகம் பூட்டிக்கொண்டது. கடன் கொடுத்தவன் தேடி வந்து, பாக்கியைக் கேட்காமல், நாலு மணி நேரத் தூரத்துக்கு இலவசமாகக் கூட்டிப் போகிறேன் என்கிறான். உலகத்தில் எந்தக் கடன்காரன் இப்படிச் செய்வான்?

"யோசிச்சுச் சொல்றேண்ணே," என்றாள்.

அவர் போனதும் கிடங்குப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஆஸ்பத்திரி என்ற வார்த்தை மட்டும் அவர்கள் காதில் விழுந்திருந்தது. அது போதாதா?

"கிட்னிக்குத்தான். மயக்க ஊசி போட்டா எதை எடுத்தாங்கன்னு நமக்கு என்ன தெரியும்?"

"எங்க ஓரகத்திக்கு அப்படித்தான். உள்ள போகும்போது ரெண்டு. வெளிய வரும்போது எத்தனைன்னு இன்னிவரைக்கும் எண்ணல."

"எப்படிடீ எண்ணுவா?"

"அதைத்தான் நானும் சொல்றேன்!"

வேறொருத்தியாக இருந்தால் பயந்து விட்டிருப்பாள். இவள் பயந்தாள், ஆனால் விடவில்லை. உண்மையா பொய்யா என்று தெரியாமல் எதையும் கீழே வைக்கமாட்டாள். வார விடுமுறை அன்று செங்கல் சூளைக்கு நடந்தே போய் அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்தாள். கையில் ஒரு பாட்டில் தண்ணீரும், மடித்த வெள்ளைப் பனியன் துணியும். சூளைக்காரி வாட்டசாட்டமானவள். தலையில் செங்கல் அடுக்கிக்கொண்டு நின்றாள்.

"நீதான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனவளா?"

"ஆமா. நீ யாரு?"

"இந்தத் தண்ணியைக் குடி."

சூளைக்காரி செங்கலை இறக்கி வைத்து, இவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, பாட்டிலை வாங்கி மொத்தத்தையும் குடித்தாள்.

"இப்ப இந்தத் துணிமேல உட்காரு."

"இது என்ன கூத்து?"

"உட்காரேன்."

இரண்டு பேரும் செங்கல் அடுக்கின் நிழலில் உட்கார்ந்து, சூளைப் புகை சாய்வதைப் பார்த்துக்கொண்டு, வெகுநேரம் காத்திருந்தார்கள். மேஸ்திரி வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். கடைசியில் இவள் துணியை இழுத்து, விரலால் உரசிப் பார்த்தாள். உட்கார்ந்த சூடு மட்டும் இருந்தது. ஈரம் இல்லை.

அப்போதும் சந்தேகம் போகவில்லை. சூளைக்காரிக்கு அந்த நோய் வந்ததே இல்லை என்றால்? வேன்காரன் காசு கொடுத்துச் சொல்லச் சொல்லியிருந்தால்?

"ராத்திரி எந்தப் பக்கம் படுப்பே? அப்ப, சரியாகறதுக்கு முன்னாடி?"

சூளைக்காரி சிரிக்கப் போனவள் சிரிக்கவில்லை. "எந்தப் பக்கம் படுத்தா என்ன? தொடை எரியாத பக்கம் படுப்பேன். விடிஞ்சதும் எல்லாரும் எழுந்திரிக்கிறதுக்குள்ள பாயைக் கழுவணும். கழுவின பாயை எங்க காயப்போடறது? அதுதான் பெரிய பாடு."

இது காசு கொடுத்துச் சொல்ல வைக்கிற பேச்சு இல்லை. கழுவிய பாயை எங்கே காயப்போடுவது என்ற கவலை, அந்தப் பாடு படாதவளுக்கு வாயில் வராது. இவள் துணியை மடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நீ எப்ப போறே?" என்றாள் சூளைக்காரி.

"போறேன்னு யார் சொன்னா?" என்று சொல்லிவிட்டு வந்தவள், மறுநாளே வேன்காரருக்குச் சொல்லியனுப்பினாள்.

புறப்படும்போது வேன்காரர் சீட்டின்மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு நாலு மூலையும் செருகினார். அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார். 

ஆஸ்பத்திரி பெரியதாக இல்லை. நீளமான ஓட்டுக் கட்டிடம், சுத்தமான சிமெண்டுத் தரை, கொடியில் வரிசையாக வெள்ளைத் துணிகள். உள்ளே நுழைந்ததும் அவளை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பெஞ்சுக்குமேல் ரப்பர் விரித்திருந்தது. அதற்காக யாரும் முகம் சுளிக்கவில்லை. கொஞ்சம் மனசு இளகிவந்த நேரம், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வேன்காரர் நிற்பதைப் பார்த்தாள். உள்ளே இருந்தவர் நோட்டுகளை எண்ணிக் கொடுத்தார். வேன்காரர் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

 விற்றுவிட்டான். பாக்கியை ஏன் கேட்கவில்லை என்பது இப்போது விளங்கிவிட்டது. மூட்டை எடை போட்டுக் காசு வாங்குகிற மாதிரி அவளை இறக்கி வைத்துக் காசு வாங்கிவிட்டான். எழுந்து ஓடலாமென்றால் எங்கே ஓடுவது? நாலு மணி நேர ஓட்டம். நனைந்துகொண்டே எந்த பஸ்ஸில் ஏறுவது?

வேன்காரர் அவளிடம் வந்து, "வர்றேம்மா, சரியானதும் போன் பண்ணுவாங்க, வந்து கூட்டிக்கிறேன்," என்றார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஒரு பெண். சின்ன உருவம், பெரிய குரல். முதல் நாள் சோதனையில் சிறுநீர்ப்பைக்குள் நீல மருந்து கலந்த தண்ணீரைச் செலுத்தி, பிறப்புறுப்புக்குள் வெள்ளைத் துணிச் சுருள் வைத்து எடுத்துக் காட்டினார்கள். துணியில் நீலம் பட்டிருந்தது.

"பார்த்தீங்களா? இந்த இடத்துல ஓட்டை. வேற ஒண்ணும் இல்ல. இதைத் தைச்சுடலாம்."

அவள் துணியை வாங்கி உரசினாள். சுத்தப் பருத்தி. இத்தனை வருஷம் பாவம், சாபம், செய்வினை, காலை அகட்டி நடந்தது, பிள்ளையைத் தின்றவள் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். இங்கே ஒரு துணியில் ஒரு நீலப் பொட்டு. துணி விஷயத்தில் அவளை ஏமாற்ற ஆள் பிறக்கவில்லை. அதனால் அதை நம்பினாள். மற்றதை நம்பவில்லை.

அறுவை அன்று முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப் போனது. ஆனால் விழிப்பு இருந்தது. விழித்திருக்கிறவரைக்கும் கிட்னிக்குக் கை போனால் தெரிந்துவிடும் என்று விலாவைத் தன் கையாலேயே பிடித்துக்கொண்டு கிடந்தாள். டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "கையை ஏன் அங்க வச்சிருக்கீங்க, வலிக்குதா?" என்றார்.

"இல்ல. சும்மா. பத்திரமா இருக்கட்டும்னு."

"பத்திரமா இருக்கும், பயப்படாதீங்க," என்று சொல்லிவிட்டு அவர் தைத்தார்.

அதற்குப் பிறகுதான் அவள் காரியத்தைக் கெடுத்தாள். கெடுக்க வேண்டுமென்று கெடுக்கவில்லை. அவளைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. சிறுநீர் போக ஒரு குழாய் போட்டு, கட்டிலோரம் ஒரு பையில் விட்டிருந்தார்கள். சிஸ்டர், நரை விழுந்த முடியைக் கொண்டை போட்ட அம்மாள், பெரிய ஜக்கில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"நல்லாக் குடிக்கணும். ஜக்கு காலியாக ஆக நான் ரொப்பிட்டே இருப்பேன். குடி, குடி, குடி. இங்க மருந்தே அதுதான்."

இவள் மனசுக்குள் பொறி தட்டியது. குடித்தால் ஒழுகும். வருஷக்கணக்காக உடம்பில் எழுதி வைத்த பாடம் அது. தைத்த இடம் ஆறுவதற்கு முன்னால் இவ்வளவு தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள் என்றால், பிய்த்துக்கொள்ளட்டும் என்று சொல்கிறார்கள் என்றுதான் அர்த்தம். பிய்ந்தால் இன்னொரு தடவை தைக்கலாம். வேன்காரனுக்கே காசு கொடுத்தவர்களுக்கு இன்னொரு தடவை தைப்பதில் எவ்வளவு கிடைக்குமோ? யார் கண்டது?

ஆகவே சிஸ்டர் அந்தப் பக்கம் போனதும், ஜன்னலோரம் இருந்த செடித் தொட்டியில் தண்ணீரை ஊற்றினாள். உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டாள். "குடிச்சாச்சா?" என்றால் "ஆச்சு." ஜக்கு ரொம்பும், தொட்டி ரொம்பும். தப்பு சரியாக நடந்துகொண்டிருக்கிறது என்று அவளுக்குத் திருப்தி.

பக்கத்துக் கட்டிலில் ஒரு மீன்காரி. வாய் மூடாதவள். அவள் இவளையும் செடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒருநாள் சொன்னாள்.

"செடி நல்லா வளருது."

"ஆமா."

"நான் போன தடவை வந்தப்போ ஜன்னல்ல செடி இல்ல. பாத்ரூம்ல ஊத்தினேன்."

இவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன பார்க்கிற? நானும் உன்னை மாதிரி புத்திசாலிதான். குடிச்சா ஒழுகும்னு குடிக்காம கிடந்தேன். குழாய்ல கசடு அடைச்சு, உள்ள பை வீங்கி, தையல் பட்டுன்னு விட்டுப்போச்சு. மறுபடியும் முதல்லேர்ந்து. அதான் ரெண்டாவது தடவை வந்து உன் பக்கத்துல படுத்திருக்கேன். இல்லேன்னா உன் மூஞ்சியைப் பார்க்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்து?"

அதே நேரம் சிஸ்டர் வந்து பையைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே இருந்தது கொஞ்சம். அதுவும் கெட்டியான தேயிலைத் தண்ணீர் நிறம். சிஸ்டர் முகம் மாறியது. ஜக்கைப் பார்த்தாள். காலி. செடித் தொட்டியைப் பார்த்தாள். அடியில் தட்டில் தண்ணீர் தேங்கி வழிந்தது.

"இந்தத் தண்ணியெல்லாம் எங்க போகுது?"

இனி மறைத்துப் பயனில்லை. அவளுக்கு உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.

"நீங்க முதல்ல சொல்லுங்க சிஸ்டர். வேன்காரருக்கு எவ்வளவு குடுத்தீங்க? எதுக்குக் குடுத்தீங்க? நான் கண்ணால பார்த்தேன்."

சிஸ்டர் பையைக் கீழே விட்டாள். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "டீசலுக்கும்மா. நாலு மணி நேரம் வர்றாரு, நாலு மணி நேரம் திரும்பிப் போறாரு. உங்ககிட்ட வாங்கக் கூடாதுன்னு நாங்க குடுக்கிறோம். எல்லா வண்டிக்காரங்களுக்கும் அதே ரேட்டு. சுவத்துல எழுதி ஒட்டியிருக்கு."

"எனக்குப் படிக்கத் தெரியாது."

"அப்ப கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நிஜத்தைச் சொல்லுவீங்கன்னு என்ன நிச்சயம்?"

மீன்காரி வாய்விட்டுச் சிரித்தாள். சிஸ்டர் சிரிக்கவில்லை. "சரி, என்னை நம்பாதே. ஆனா இந்தக் குழாய் அடைச்சுதுன்னா தையல் நிக்காது. அதுக்கப்புறம் நான் அழுது பிரயோஜனம் இல்ல, நீ அழுதும் பிரயோஜனம் இல்ல."

சிஸ்டரை அவள் நம்பினாளா என்றால், இல்லை. மீன்காரியையும் முழுசாக நம்பவில்லை. மறுபடியும் துணியிடம்தான் போனாள். புதிதாக ஒரு வெள்ளைத் துணி கேட்டு வாங்கி, அடியில் விரித்துப் படுத்தாள். பிறகு ஜக்கை எடுத்தாள். ஒரு டம்ளர் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். இன்னொரு டம்ளர். அவ்வளவு தண்ணீர் ஒரே மூச்சில் உள்ளே போய் எத்தனை காலமாயிற்று என்று அவள் தொண்டைக்கே மறந்து போயிருந்தது. குடிக்கக் குடிக்கத் தாகம் கூடியது. ஜக்கு காலியானது. பையில் தேயிலை நிறம் மெல்ல வெளுத்து, வைக்கோல் நிறமாகி, கடைசியில் கண்ணாடி மாதிரி ஆனது.

அடியில் இருந்த துணியை உருவி விரலால் உரசினாள். ஒரு மூலை விடாமல் உரசினாள். காய்ந்திருந்தது.

"சிஸ்டர்," என்று கூப்பிட்டாள். "ஜக்கு காலி."

குழாயை எடுக்கிற நாள் வந்தது. மறுபடியும் நீலத் தண்ணீர், மறுபடியும் துணிச் சுருள். டாக்டரம்மா சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவளிடமே கொடுத்தார். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அதைப் பிரித்தாள். புரட்டினாள். வெள்ளையாக இருந்தது. அதை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. மீன்காரி மட்டும், "அதையும் வித்துடுவா இவ," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா கண்டிப்பாகச் சில விஷயங்கள் சொல்லியனுப்பினார். கொஞ்ச மாதத்துக்கு மூட்டை தூக்கக் கூடாது. இனி ஒரு பிரசவம் என்றால் வலி வரும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும், வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும். அவள் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். இரண்டு தடவையும் ஒரே மாதிரி வந்ததா என்று பார்க்கத்தான்.

வேன்காரர் வந்தார். பழக்கதோஷம், முன் சீட்டில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுச் செருகப் போனார். அவள் அதை உருவிச் சுருட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"வேணாம்ண்ணே."

"இல்லம்மா, ரொம்ப தூரம்..."

"வேணாம்."

வண்டி புறப்பட்டது. மேடு பள்ளம் வரும்போதெல்லாம் வேன்காரரின் கண் ரோட்டில் பாதி, சீட்டில் பாதி. அவளுக்கு அது தெரியாமல் இல்லை.  ஒவ்வொரு குலுக்கலுக்கும், தையல் விட்டுப்போய்விட்டதோ என்று சீட்டை விரலால் உரசிப் பார்த்துக்கொண்டாள். பாதி வழியில் வேண்டுமென்றே பாட்டிலை எடுத்து, அவர் பார்க்கும்படி, மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

"ஏம்மா, இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கே!"

"இருக்கட்டும்ண்ணே. அடக்கிக்குவேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அடக்கிக்கொள்வேன். அந்த வார்த்தையைச் சொல்லி எவ்வளவு காலமாயிற்று! ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தச் சொல்லி, கழிப்பறைக்குப் போய்விட்டு, எல்லோரையும் போல நடந்து வந்து ஏறினாள்.

கிடங்கு வாசலில்தான் இறக்கிவிடச் சொன்னாள். அண்ணன் வீட்டுக்கு அப்புறம் போகலாம். பிரிப்பு வேலை நின்றது. பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "உரைகல்லு வந்துட்டா! எண்ணிப் பாருங்கடீ, ரெண்டும் இருக்கான்னு!" என்று ஒரு குரல்.

அவள் இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

வேன்காரர் இந்தப் பக்கம் சுற்றி வந்தார். ஒரு மாதிரித் தயங்கினார். பிறகு உள்ளங்கையைச் சீட்டின்மேல் வைத்து, முன்னிருந்து பின்னுக்கு, தையல் விளிம்பு வரைக்கும் ஒரு தடவை தடவினார். கையைத் திருப்பிப் பார்த்தார்.

"சொட்டு இல்ல," என்றார். தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

"அந்தக் கையை அப்படியே நீட்டுங்கண்ணே."

"என்னத்துக்கு?"

அவள் இடுப்பிலிருந்து துணி முடிச்சை எடுத்தாள். பனியன் துணி, சுத்தப் பருத்தி. வருஷக்கணக்காகப் பிரித்த கூலியில் மிச்சம் பிடித்த நோட்டுகள் அதற்குள் இருந்தன.

"அட, விடும்மா. பழைய கதை. இந்த நடைக்கு ஆஸ்பத்திரியில குடுத்துட்டாங்க."

"இந்த நடைக்கு இல்ல. அந்த ரெண்டு நடைக்கு."

ஒவ்வொரு நோட்டாக எண்ணி, காய்ந்த அந்த உள்ளங்கையில் வைத்தாள். வேன்காரர் ஒரு நோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை.

"நல்லாப் பாருங்கண்ணே, ஒண்ணும் தப்பில்ல," என்றாள்.

அவர் எண்ணினார். மறுபடி எண்ணினார். "ஒண்ணு அதிகமா இருக்கேம்மா."

"சீட்டு கழுவின கூலி," என்று சொல்லி, அவர் விரல்களை அந்த நோட்டின்மேல் மடித்தாள்.